ஆறு ஆணிப் படம்

என் நாரியில், அதாவது கீழ் முதுகில், நான்கு திருகாணிகளும் இரண்டு கம்பிகளும் இருக்கின்றன. இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியதில் எனக்கு மிஞ்சியது அதுதான். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கும் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கும் அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் போய்வந்து, முள்ளந்தண்டின் கீழ்ப்பக்கத்தில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற வட்டு தேய்ந்து, ஒரு எலும்பு மற்றதை விட்டு முன்னால் சரிந்துவிட்டது. கடைசி வருடத்தில் கிளச்சை மிதிக்க இடது காலில் பலம் இருக்கவில்லை. கையால் முழங்காலை அமத்திக் கியர் மாற்றியிருக்கிறேன். ஐம்பது பேர் ஏறியிருந்த பஸ் அது. நினைத்தால் என்மேல் எனக்கே கோபம் வருகிறது. ஆனால் என்மேல் கோபப்பட அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு மாசி மாதம் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒப்பரேஷன் நடந்தது. அந்த ஆணிகளும் கம்பிகளும் ஆஸ்பத்திரியில் கிடையாது, நோயாளிதான் வெளியே வாங்கிக் கொடுக்க வேண்டும். நான் எப்படி வாங்கினேன் என்கிற கதையை விடுவோம். பக்கத்துக் கட்டிலில் அப்துல் மஜீத் என்று காத்தான்குடிக்காரர் ஒருவர் இருந்தார். அறுபத்தொரு வயது. குழித்தறியில் காலைக் குழிக்குள் விட்டுக் குனிந்தபடி முப்பத்தைந்து வருடம் சாறன் துணி நெய்தவர். எனக்குச் சரிந்தது ஓர் எலும்பு என்றால் அவருக்கு இரண்டு. அதனால் எனக்கு நான்கு ஆணி, அவருக்கு ஆறு.

“உங்களுக்கு ஓட்டம். எனக்கு இரிப்பு. ரெண்டுபேருக்கும் ஒரே வருத்தம் எப்பிடித் தம்பி வந்த?” என்று கேட்டார்.

“நானும் இருந்துதானே காக்கா ஓட்டினனான்” என்றேன், அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. சிரித்தார். சிரித்தால் நாரி இழுக்கும் என்பது ஞாபகம் வந்து, “யா அல்லாஹ்” என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவருக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. எனக்கு டிப்போவில் பழகிய சிங்களம் தாராளமாக இருந்தது. டொக்டர் வந்து அவரிடம் ஏதாவது கேட்டால், அவர் என் முகத்தைத்தான் பார்ப்பார். எங்கே நோகிறது, காலில் விறைப்பு இருக்கிறதா, ஒன்றுக்குப் போகிறதா, எல்லாம் என் வாயால்தான் போயிற்று. ஒப்பரேஷன் முடிந்த முதல் நாட்களில் தானாகப் புரளக் கூடாது. இரண்டு பேர் வந்து மரக்குற்றியை உருட்டுவதுபோல் முழு உடம்பையும் ஒரே தரத்தில் உருட்டிவிட வேண்டும். அவருக்கு என்னைவிட இரண்டு நாள் முந்தி வெட்டினார்கள். நான் மயக்கம் தெளிந்து முனகியபோதெல்லாம், சிங்களம் தெரியாத அந்த மனிதர், “மிஸ்! மிஸ்! இஞ்ச தம்பி! தம்பி!” என்று வார்ட் முழுக்கக் கேட்கக் கத்தி ஆட்களைக் கூப்பிட்டார். படுத்தபடியே தொழுதார். தொழுது முடித்து, ஓதித் தன் உடம்பில் ஊதும்போது என் பக்கமும் ஒரு தரம் ஊதுவார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வார்ட்டில் எங்கள் இருவரின் பெயரும் யாருடைய வாயிலும் நுழையவில்லை. தாதிமாருக்கு நாங்கள் இரண்டு பேரும் ‘மடகலபுவ’தான். மட்டக்களப்பு ஒன்று, மட்டக்களப்பு இரண்டு. ஊரில் அவர் இருக்கிற இடத்துக்கும் நான் இருக்கிற ஆரையம்பதிக்கும் நடுவே ஆமிக்காரர் ஆட்களைச் சோதிக்கிற ஒரு சென்றியும், தொண்ணூறாம் ஆண்டு தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு பக்கமும் விழுந்த சாவுகளும் இருந்தன. கொழும்பில் அதெல்லாம் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரே நாளில் துண்டு வெட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கொரு பெரிய மண்ணிற உறை தந்தார்கள். உள்ளே ஒப்பரேஷனுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரே படமும் டொக்டரின் கடிதமும். “சென்றியில மெஷின் கத்தும். அப்ப இதைக் காட்டுங்க, கவனமா வெச்சிருங்க” என்று டொக்டர் சொன்னார். அதையும் மஜீத் காக்காவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பஸ் ஓட்ட விடவில்லை. மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை தந்தார்கள். காலையில் போகும்போதும் பின்னேரம் வரும்போதும் அந்தச் சென்றியில் பஸ்ஸை நிற்பாட்டி எல்லாரையும் இறக்கி நடக்கவிடுவார்கள். முதல் நாள் ஆமிக்காரன் இரும்பைக் கண்டுபிடிக்கிற மெஷினை என் முதுகில் பிடித்தான். அது ‘கீ’ என்று கத்தியது. சட்டையைத் தூக்கச் சொன்னான். முதுகில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுக்காயம். அந்த நாட்களில் உடம்பில் தழும்பிருந்தால் என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.  உறையைத் திறந்து படத்தை நீட்டினேன். வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான். அடுத்தவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் ‘யகட மாமா’. யகட என்றால் சிங்களத்தில் இரும்பு. ஒரு கிழமைக்குப் பிறகு உறையின் நுனியைக் கண்டாலே போ என்று கையைக் காட்டிவிடுவார்கள்.

பங்குனி கடைசியில்தான் விஷயம் தெரிந்தது. அயலில் ஒருவர் பார்க்க ஆசைப்பட்டார் என்று முற்றத்தில் படத்தை விரித்து ஆணிகளை எண்ணிக் காட்டினேன். ஆறு வந்தது. திரும்ப எண்ணினேன். ஆறுதான்.

“நாலெண்டுதானே சொன்னீங்க?” என்றாள் என் மனைவி மங்கையற்கரசி. “ரெண்ட சும்மா போட்டுட்டானுகளோ?”

படத்தின் மூலையில் இங்கிலிஷில் பெயர் இருந்தது: ஏ. மஜீத், அறுபத்தொன்று. கடிதத்திலும் அதே பெயர். உறையை மாற்றித் தந்துவிட்டார்கள். இரண்டு மட்டக்களப்பும் அவர்களுக்கு ஒரே மட்டக்களப்புத்தானே. அப்படியானால் என் படம் மஜீத் காக்காவிடம் இருக்க வேண்டும். ஒரு மாதமாக நான் வேறொருவரின் முதுகெலும்பைக் காட்டிச் சென்றி கடந்திருக்கிறேன். ஒருவனும் பெயரைப் படிக்கவில்லை.

கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பஸ் ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் அவருடைய ஒழுங்கைக்கு முன்னால்தான் போகிறது. இறங்கினால் ஐந்து நிமிட நடை. ஆனால் தொண்ணூறுக்குப் பிறகு நான் அங்கே காலடி வைத்ததில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் இறங்குவதில்லை, அவர்கள் ஆட்கள் எங்கள் பக்கம் இறங்குவதில்லை, அவ்வளவுதான். சித்திரை வருடப்பிறப்பு முடியட்டும் என்றேன். பிறகு மழை என்றேன். பிறகு வடக்கில் சண்டை மும்முரமாகி, இங்கே சென்றிகளில் கெடுபிடி கூடியது. உண்மை என்னவென்றால், அந்தப் படம் எனக்கு வேலை செய்தது. அதைக் கொடுத்துவிட்டு, என் படத்தை அவர் எங்கேயாவது தொலைத்திருந்தால் நான் எதைக் காட்டுவது? அவர் வீட்டோடு இருக்கிற மனிதர், அவருக்கு எதற்குப் படம்? இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. சாக்குச் சொல்வதில் எனக்கு ஒரு குறையுமில்லை.

வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரமிருக்கும், முப்பது வயது மதிக்கக்கூடிய ஒருவர் தலையில் தொப்பியுடன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அருமைநாயகம் யார் என்று என் பெயரைச் சொல்லி விசாரித்தார். மஜீத் காக்காவின் மகள் றஸீனாவின் மாப்பிள்ளை முனாப். வார்ட்டில் ஒரு தரம் கண்டிருக்கிறேன்.

“அண்ணன், மாமாவ நேத்துக் காலத்தால சென்றியில புடிச்சிட்டானுகள்.”

“என்னத்துக்கு?”

“மெஷின் கத்தியிரிக்கி. படத்தக் குடுத்திரிக்காரு. அதுல பேரு அருமைநாயகம். ஐடென்டிட்டி கார்ட்டுல அப்துல் மஜீத். நேத்து அங்க பெரியவன் ஒருத்தன் வந்து நிண்டானாம், அவன் பேரப் படிச்சிட்டான். மாமாக்குச் சிங்களமும் தெரியா. முகாமுக்குக் கொண்டு போயிட்டானுகள்.”

நான் பஸ் நேரம் குறித்துக்கொண்டிருந்த நேரசூசிப் புத்தகத்தை மூடினேன். முனாப் மேலே சொன்னார்.

“நாங்க பள்ளிவாசல் ஆக்களோட போய்க் கேட்டம். இன்னொரு படம் எடுத்துப் பாத்திரிக்கானுகள். கடதாசியில நாலு ஆணி, உடம்புல ஆறு. மத்த ரெண்டும் என்ன, எங்க பட்ட காயம் எண்டு கேக்கான். ஆர் இந்த அருமைநாயகம் எண்டும் கேக்கான். சரியான படத்தக் கொண்டு வந்தா விடுவன் எண்டான். நாளைக்குள்ள கொண்டுவாங்க எண்டான். மாமாட படம் உங்களுக்கிட்டதானே அண்ணன் இரிக்கணும்?”

படம் என்னிடம்தான் இருந்தது. வீட்டில் இல்லை. என் மடியில். நேரசூசிப் புத்தகத்துக்கு அடியில், ஒரு சொப்பிங் பேக்குக்குள், அந்த மண்ணிற உறைக்குள். புத்தகத்தை உயர்த்தி எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. நான் அந்தப் பேக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். இதைக் கொடுத்தால் இன்றைக்குப் பின்னேரம் சென்றியில் எதைக் காட்டுவேன்? என் பெயர் முகாமுக்குப் போய்விட்டது. அருமைநாயகம் யார் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் நாளில், அருமைநாயகம் நாரியில் இரும்போடும் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமலும் போய் நிற்பதா?

“வீட்டில தேடிப் பாக்கிறன் தம்பி” என்றேன்.

 “பாருங்க அண்ணன்” என்றார். “எங்கட கடை மெயின் ரோட்டிலதான். பஸ்ஸில இரிந்து நீட்டினாலும் போதும். நான் வந்து எடுத்துக்குவன்.” போய்விட்டார்.

அன்று பின்னேரம் உறையின் நுனியைக் காட்டி, வழக்கம்போல் சென்றியைக் கடந்து வீடு வந்தேன். மங்கையிடம் சொன்னேன். அவள் முதலில் கதவைச் சாத்தினாள்.

“நீங்க ஒரு இடமும் போகப்படாது. அந்தப் படத்த எரிச்சுப் போடுங்க. உங்களுக்கு ஒண்டும் தெரியாது, நீங்க காணல்ல.”

“அந்த மனிசன் உள்ள கிடக்கு மங்கை.”

“அவங்களுக்குக் கேக்க ஆளிரிக்கி. பள்ளிவாசல் இரிக்கி, பெரிய ஆக்கள் இரிக்காங்க. உங்களப் புடிச்சா ஆர் வந்து கேக்கிற? நான் ஒருத்தி போய் ரோட்டில கிடந்து அழவா?”

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. படத்தை எரிக்கவில்லை, அவ்வளவு துணிவும் எனக்கில்லை. பாய்க்கு அடியில் வைத்தேன். சனிக்கிழமை நாரிப்பிடிப்பு என்று வேலைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதே நாரிப்பிடிப்பு. ரோட்டில் வாகனம் நின்றால் என்னைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள் என்று பின்கதவுக்குப் போய் நின்றேன். ஒருவரும் வரவில்லை. இன்றைக்கு விட்டிருப்பார்கள், பெரிய ஆட்கள் பேசியிருப்பார்கள் என்று இரண்டு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை. அதையும் ஒரு தண்டனை மாதிரி நினைத்து மனதைத் தேற்றிக்கொண்ட ஆள் நான்.

திங்கட்கிழமை காலை எழும்பி உறையை எடுத்தேன். ஏன் அன்றைக்குத் துணிவு வந்தது என்று கேட்டால் தெரியாது. துணிவு என்றுகூடச் சொல்லக் கூடாது, இனி வீட்டில் கிடக்க முடியவில்லை. மங்கை என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். சென்றியில் அந்தப் பெரியவன் இல்லை. பழைய ஆமிக்காரன் கையைக் காட்டினான். பத்து வருடத்துக்குப் பிறகு காத்தான்குடியில் இறங்கினேன். முனாப்பின் கடை பூட்டியிருந்தது. வழி கேட்டுக் கேட்டு ஒழுங்கைக்குள் போனேன். ஒருவரும் என்னை ஏன் வந்தாய் என்று பார்க்கவில்லை. ஒரு வயதானவர் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

மஜீத் காக்காவின் மனைவி ஆயிஷா உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவருகில் வந்தார். வார்ட்டில் எனக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்தவர். உறையை நீட்டினேன். வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, “அல்ஹம்துலில்லாஹ், தேடி எடுத்திட்டீங்களா தம்பி” என்றார். நான் வீட்டில் தேடுகிறேன் என்றுதான் முனாப் சொல்லியிருக்கிறார் போல. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“அவரு வியாழக்கிழம எங்கயும்மா போனவர்?” என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டும் என்றுதான் கேட்டேன்.

“உங்களுக்கிட்டதான் தம்பி.”

“எனக்கிட்டயா?” என்றேன்.

“இவ்வளவு நாளும் அவரு அந்தப் படத்த எடுத்தும் பாக்கல்ல. புதன்கிழம பின்னேரந்தான் றஸீனா வெளிச்சத்தில புடிச்சுப் பாத்து, வாப்பா இது உங்கட பேரில்லயே எண்டா. அதோட மனிசனுக்கு இரிப்புக் கொள்ளல்ல. ‘அந்தத் தம்பி ஒவ்வொரு நாளும் சென்றியால போறவன், படமில்லாம என்ன பாடு படுறானோ’ எண்டு ஒரே புலம்பல். விடிஞ்ச ஒடனே, சுபஹ் தொழுதிட்டு, நானே குடுத்திட்டு வாறன் எண்டு வெளிக்கிட்டாரு. முனாப் போறன் எண்டும் கேக்கல்ல. ‘எனக்கு ஆஸ்பத்திரியில வாயா இரிந்தவன், நானே போகணும்’ எண்டாரு.”

மாறியது தெரிந்தும் அவர் படம் இரண்டு மாதம் என் மடியில் இருந்தது. தெரிந்த பிறகு என் படம் அவர் கையில் ஒரு நாள்கூட முழுதாக இருக்கவில்லை. ஆயிஷா உம்மா தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். குடித்தேன் என்றுதான் நினைக்கிறேன். திரும்பி வரும்போது கையில் ஒன்றுமில்லாமல் சென்றிக்கு நடந்தேன்.  ஆமிக்காரன் என்னைக் கண்டு, “ஆ, யகட மாமா, யன்ன” என்றான். போ என்கிறான். உறை எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரமும் இப்படித்தான் விட்டிருப்பார்கள்.

முனாப் படத்தைக் கொண்டுபோய்க் காட்ட, செவ்வாய்க்கிழமை மஜீத் காக்காவை விட்டார்கள். புதன்கிழமை போனேன். தறி இருந்த அறையிலேயே பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். குழியைப் பலகையால் மூடியிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை.

“படுங்க காக்கா, படுங்க” என்றேன்.

“வந்திட்டியா தம்பி” என்று என் கையைப் பிடித்தார். “உனக்கிட்ட வரத்தான் வெளிக்கிட்டன். இப்பிடி ஆகிட்டு. நீ படமில்லாம கஷ்டப்பட்டியா?”

“இல்ல காக்கா.”

“அவனுகள் முதல்ல ஒண்டும் செய்யல்ல தம்பி. பொய் சொல்லப்படாது. வியாழன், வெள்ளி, சனி, சும்மா மர வாங்கில இரித்தி வெச்சான். சோறு தந்தான். படம் வரும், வந்தா நீ போகலாம் எண்டு தமிழ் தெரிஞ்ச ஒருத்தன் சொன்னான். நானும் வாசலப் பாத்துக்கொண்டு இரிந்தன். ஞாயித்துக்கிழம வேற ஒருத்தன் வந்தான். அவன்தான் அந்த ரெண்டு ஆணியையும் கேட்டுக் கேட்டு அடிச்ச.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “எனக்கு அதுக்குப் பதில் தெரியாதே. ஆணி போட்டது டொக்டர். எனக்கு வாயா இரிக்க நீயும் இல்ல.”

முனாப் சுவரோடு நின்றார். புதிதாக எடுத்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் எனக்குப் பிடித்துக் காட்டினார். எண்ணினேன். ஆறு ஆணியும் இருந்தன. இரண்டு எலும்பை விட்டு வெளியே வந்திருந்தன. ஒரு கம்பி நடுவில் உடைந்து, இரண்டு துண்டும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. இங்கே உள்ள டொக்டர், கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும், போனாலும் கால் வரும் என்று சொல்ல முடியாது என்றாராம். இந்த உடம்பைப் பத்து மணித்தியாலம் எந்த ரோட்டால், எத்தனை சென்றியில் இறக்கி ஏற்றிக் கொண்டுபோவது?

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையே படம் என் மடியில் இருந்தது காக்கா, நான்தான் கொடுக்கவில்லை என்று அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். “சுகமாகும் காக்கா” என்று ஒரு சொல் வந்தது.

“இன்ஷா அல்லாஹ்” என்றார். பிறகு தொழுது முடித்தவர்போல் என் பக்கம் மெல்ல ஊதினார்.

முனாப் ரோட்டுவரை என்னோடு வந்தார். முகாமில் திருப்பித் தந்த என் படத்தை உறையோடு என் கையில் தந்தார். நான் போகிறேன் என்று சொல்வதற்குள் அவர் பேசினார். குரலில் கோபமே இல்லை.

“வெள்ளிக்கிழம உங்கட மடியில இரிந்த பேக்குக்குள்ளால உறைட நுனி தெரிஞ்ச அண்ணன். நான் கண்டன்.”

நான் கையிலிருந்த உறையைக் கக்கத்துக்குள் இடுக்கினேன். முனாப் தொடர்ந்தார்.

“பறிச்சு எடுத்திரிக்கலாம். எடுக்கல்ல. உங்களுக்கும் பயம்தானே, நாளைக்குக் கொண்டுவருவாரு எண்டு நினைச்சன். சனிக்கிழம முழுக்க ரோட்டில நிண்டு வாற பஸ் எல்லாத்தையும் பாத்தன். அது என்ட பிழ. மாமாக்கு இது தெரியா. நான் சொல்லவும் மாட்டன். அவரு உங்களப் பத்தி நல்லாத்தான் நினைச்சுக்கொண்டு இரிக்காரு. அதையும் ஏன் கெடுப்பான்.”

பஸ் வந்தது. ஏறினேன்.

சென்றியில் எல்லாரையும் இறக்கினார்கள். புது ஆள் ஒருவன் நின்றான். மெஷின் கத்தியது. உறையை வாங்கிக் கடிதத்தை விரித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். “அருமைநாயகம்?” என்றான். ஓம் என்றேன். என் அடையாள அட்டையை வாங்கிப் பெயரை ஒப்பிட்டான். பிறகு படத்தை வெயிலுக்குப் பிடித்து, விரலை வைத்து ஆணிகளை எண்ணினான். நான்கு. கடிதத்தைப் பார்த்தான், அதிலும் நான்கு. எல்லாம் சரி என்று படத்தை மடியாமல் உறைக்குள் போட்டு, என் கையில் தந்து, போகச் சொன்னான்.